கம்பம் ஏறக் கற்றுக்கொடுக்க ஒரு கல்லூரி வேண்டாமா?

குறுவை நட்டுப் பத்து நாள்கூட ஆகாத வயல். வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரவில்லை, போர்வெல்தான் கதி. இரவு அடித்த காற்றில் தென்னை மட்டை ஒன்று லைன்மேல் விழுகிறது. ட்ரான்ஸ்பார்மரில் பியூஸ் போகிறது. மறுநாள் காலையில் ஊர் முழுக்க ஒரே கேள்விதான்: “லைன்மேன் வந்தாச்சா?”

பல ஊர்களைச் சேர்த்துப் பார்க்கும் அந்த ஒரு லைன்மேன், மதியத்துக்கு மேல் வருகிறார். கூடவே ஓர் இளைஞர். கம்பத்தில் ஏறுவது பெரும்பாலும் அந்த இளைஞர்தான். அவர் நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தக் கூலியா, யாரிடம் இந்த வேலையைக் கற்றார் என்று நாம் கேட்பதில்லை. மோட்டார் ஓடினால் போதும் என்று வயலுக்குத் திரும்பிவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. மும்முனை மின்சாரம் எத்தனை மணி நேரம் வரும் என்று கேட்கிறோம். புதிய இணைப்புக்கு எத்தனை ஆண்டு காத்திருப்பது என்று போராடுகிறோம். எல்லாம் நியாயமான கேள்விகளே. அவற்றோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். மின்பாதை வேலையைத் தனிப் படிப்பாகவே, வேலையில் சேரும் முன்பே, ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக் கல்லூரிகளிலும் கற்றுத்தர வேண்டும். இந்தக் கோரிக்கையை முதலில் எழுப்ப வேண்டியவர்கள் விவசாயிகள்தான்.

ஏட்டறிவு ஒருவரிடம், ஏறும் பழக்கம் இன்னொருவரிடம்

இப்போது இந்த வேலைக்கு ஆட்கள் வரும் வழிகளைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவிலும், எட்டாம் வகுப்பு முடித்தவர் வயர்மேன் பிரிவிலும் இரண்டு ஆண்டு படிக்கலாம். மின்வாரியக் கள உதவியாளர் வேலைக்கு இத்தகைய சான்றிதழ்தான் தகுதி. ஆனால் இந்தப் படிப்பில் பெரும்பகுதி மோட்டார், வீட்டு வயரிங், கண்ட்ரோல் பேனல் பற்றியது. தலைக்குமேல் செல்லும் மின்பாதைக்கு ஒதுக்கப்பட்டது சில பாடங்களே. தொழிற்சாலை வேலைக்குப் போகிறவருக்கு அது போதும். நடவு வயலுக்கு நடுவே நிற்கும் கம்பத்தில் ஏறுகிறவருக்குப் போதாது.

இன்னொரு வழி கேங்மேன் வேலை. அதற்கு ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். கம்பம் ஏறுவது உள்ளிட்ட உடல் தகுதித் தேர்வு உண்டு. 2021இல் மட்டும் 9,000க்கும் மேற்பட்டோர் இப்படிப் பணியமர்த்தப்பட்டனர். இவர்களில் பலர் ஏற்கெனவே ஒப்பந்தக் கூலியாகக் குழி தோண்டி, கம்பம் நட்டு, கம்பி இழுத்தவர்கள், உழைப்புக்கு அஞ்சாதவர்கள். ஆனால் அந்தக் கம்பியில் ஓடுவது என்ன, அது எந்தெந்த வழியாகத் திரும்பி வரக்கூடும் என்பதை யாரும் அவர்களுக்கு உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை.

ஒருவரிடம் ஏடு இருக்கிறது, ஏறிப் பழக்கமில்லை. மற்றவரிடம் ஏறும் பழக்கம் இருக்கிறது, ஏடு இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் அந்த ஆள் உயிரோடு இறங்கி வருவார். மூன்றாவதாக, இரண்டுமே இல்லாமல் தினக்கூலிக்கு வரும் இளைஞரும் இருக்கிறார். “அண்ணன் செய்றதைப் பார்த்துக்கோ” என்பதுதான் அவருக்குப் பாடம். அந்த அண்ணன் தவறாகக் கற்றிருந்தால், தவறுதான் அடுத்த தலைமுறைக்கும் போகும்.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள், மின்பாதையைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளருக்குத் தொழிற்பயிற்சிச் சான்றிதழும் அதற்குமேல் பயிற்சியும் வேண்டும் என்றே சொல்கின்றன. மின்வாரியத்துக்கும் சொந்தப் பயிற்சி மையங்கள் உண்டு. ஆனால் அவை வேலையில் சேர்ந்தவர்களுக்கானவை. சேர்வதற்கு முன் இந்தத் தொழிலை முறையாகக் கற்க விரும்பும் கிராமத்துப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு வாசல் இல்லை.

அனுபவம் போதாதா?

“விவசாயத்தையே அனுபவத்தில்தானே கற்றோம்?” என்று கேட்கலாம். விவசாயத்தில் தவறு செய்தால் ஒரு போகம் போகும்; அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம். 11,000 வோல்ட் கம்பியில் செய்யும் முதல் தவறே கடைசித் தவறாகிவிடும்.

கம்பத்தில் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. ஏ.பி. சுவிட்சைத் திறக்க வேண்டும். அதைப் பூட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டும். ‘லைன் கிளியர்’ அனுமதியை முறையாகப் பெற வேண்டும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் கம்பியை எர்த் செய்ய வேண்டும். கையுறையும் இடுப்பு பெல்ட்டும் அணிய வேண்டும். வேலை முடிந்ததும் ஆட்களை எண்ணிப் பார்த்து, எர்த் கம்பியை எடுத்த பிறகே மின்சாரம் விட வேண்டும்.

இதில் ஒரு படி தவறினாலும் உயிர் போகும். “சீக்கிரம் போடுங்க, நாற்று காயுது” என்று கீழே நின்று நாம் அவசரப்படுத்தும்போதும் அந்த வரிசை மாறக் கூடாது. அந்த உறுதி பேச்சில் வராது. மின்சாரம் இல்லாத பயிற்சிக் கம்பத்தில் நூறு முறை செய்து, கை தானாகப் பழகினால்தான் வரும். கம்பத்தின் மேல் ஒருவர் மின்சாரம் தாக்கி மயங்கித் தொங்கினால், அவரைச் சில நிமிடங்களில் இறக்கி இதய அழுத்த முதலுதவி கொடுக்க வேண்டும். இதையும் அந்த நேரத்தில் யோசித்துச் செய்ய முடியாது. முன்பே பழகியிருக்க வேண்டும்.

வயல் லைனுக்குத் தனிப் பாடம் வேண்டும்

நகரத்து மின்பாதையும் வயல் மின்பாதையும் ஒன்றல்ல. சேற்று வயலில் ஊன்றிய கம்பம் நாளடைவில் சாயும், கம்பி தாழும். சாலையைத் தவிர்த்த மற்ற இடங்களில் 11,000 வோல்ட் வரையிலான உறையில்லாக் கம்பி, தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர், அதாவது சுமார் 15 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. வண்டிப்பாதையை மண் கொட்டி உயர்த்தினால் அந்த உயரம் குறைந்துவிடும். அறுவடை இயந்திரமோ கரும்பு ஏற்றிய லாரியோ அந்த வழியாக வரும் நாளில்தான் அது தெரியவரும்.

கம்பத்தைத் தாங்கும் ஸ்டே கம்பியின் நடுவில் முட்டை வடிவப் பீங்கான் ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாமல் கட்டிய ஸ்டே கம்பியில் மின்கசிவு வந்தால், அதில் உடம்பைத் தேய்க்கும் மாடு அங்கேயே விழும். ட்ரான்ஸ்பார்மரின் எர்த் குழி காய்ந்து கிடந்தாலும் ஆபத்துதான். இவற்றைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர் காப்பது தன் உயிரை மட்டுமல்ல, நம் உயிரையும் மாட்டையும் மோட்டாரையும் சேர்த்துத்தான்.

கஜா புயலை டெல்டா மறந்திருக்காது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மற்ற மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியும் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. பயிற்சி பெற்ற ஆட்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருந்திருந்தால் அந்த நாட்கள் குறைந்திருக்கும்.

விவசாயிகள் முன்நின்ற ஊர்

அமெரிக்காவில் 1930களின் நடுவில் பத்துப் பண்ணைகளில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. லாபமில்லை என்று தனியார் நிறுவனங்கள் கிராமத்துக்கு லைன் இழுக்கவில்லை. 1935இல் அரசு கிராம மின்மயத்துக்கென ஓர் அமைப்பைத் தொடங்கிக் கடன் கொடுத்தது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே லைன் இழுத்துக்கொண்டார்கள். அத்தகைய சங்கங்கள் இன்றும் நடக்கின்றன. அவற்றுக்கு ஆள் தயாராவது பெரும்பாலும் உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரிகளில்தான். வட கரோலினாவின் நாஷ் சமுதாயக் கல்லூரி போன்ற இடங்களில் மின்பாதைப் பணிக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது.

இத்தகைய கல்லூரிகளில் வகுப்பறைக்கு வெளியே ஒரு மைதானம் நிறையக் கம்பம் நட்டிருப்பார்கள். மாணவர் தினமும் ஏறி இறங்குவார், கம்பி இழுப்பார், காயம்பட்டவரை இறக்குவதுபோல் பொம்மையை இறக்கிப் பழகுவார். சில மாதங்களில் இது முடியும். அதன் பிறகு மூத்தவர் ஒருவரின் கீழ் சம்பளத்தோடு சுமார் 7,000 மணி நேரம் பழகிய பிறகே முழு லைன்மேன். ஏறக்குறைய நான்கு ஆண்டு. அங்கே அது மதிப்பும் நல்ல சம்பளமும் உள்ள தொழில்.

இங்கே செய்யக்கூடியது

நமக்குப் புதிய கல்லூரி கட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் 71 அரசு ஐ.டி.ஐ.கள் 2,800 கோடி ரூபாய்க்கும் மேலான திட்டத்தில் நவீனமாக்கப்பட்டன. ரோபோவும் கணினி வழி இயங்கும் எந்திரங்களும் வந்தன, நல்லது. அதே வளாகத்தில் பத்துக் கம்பமும் ஒரு பழைய ட்ரான்ஸ்பார்மரும் நட இடமில்லாமலா போகும்? கம்பம், கம்பி, இன்சுலேட்டர் எல்லாம் மின்வாரியக் கிடங்கில் கழித்துப் போட்டவையே பயிற்சிக்குப் போதும்.

முதலில் டெல்டாவிலும் மேற்கு மாவட்டங்களிலும் சில ஐ.டி.ஐ.களில் ஆறு மாதப் படிப்பாகத் தொடங்கலாம். எலெக்ட்ரீஷியன், வயர்மேன் முடித்த ஆண், பெண் இருவரும் சேரலாம். பாடம் நடத்த ஓய்வுபெற்ற நல்ல போர்மேன்களை அழைக்கலாம். ஆறு மாதத்துக்குப் பின் பிரிவு அலுவலகத்தில் உதவித்தொகையுடன் ஓராண்டுத் தொழில் பழகுநர் பயிற்சி இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரும் சான்றிதழ் பெற்றவரையே கம்பத்தில் ஏற்ற வேண்டும் என்று டெண்டரிலேயே எழுத வேண்டும்.

“சான்றிதழ் கேட்டால் இப்போது வேலை பார்க்கும் ஏழைத் தொழிலாளி தெருவில் நிற்பாரே?” என்பது நியாயமான அச்சம். அவரை வெளியே தள்ளக் கூடாது. கூலி இழப்பு இல்லாமல் சில வாரம் பயிற்சி கொடுத்து, அவருடைய கைத்திறனையும் சோதித்து, அதே சான்றிதழை அவருக்கும் தர வேண்டும். நிரந்தர வேலை கேட்கும்போது அந்தத் தாள் அவருக்கும் பலம். “படித்தவர் சேற்றில் இறங்குவாரா?” என்றும் கேட்பார்கள். சேற்றில் இறங்கத்தான் போகிறோம் என்று தெரிந்து சேருகிறவர்களுக்கான படிப்பு இது.

அதுவரை நம் பொறுப்பு

பயிற்சி வரும்வரை நாமும் சிலவற்றைக் கைவிட வேண்டும். நீளமான குச்சியோடு போய் ட்ரான்ஸ்பார்மரில் நாமே பியூஸ் போடும் வழக்கம் நிற்க வேண்டும். அறுந்த கம்பி ஈர வயலில் கிடந்தால் குறைந்தது 30 அடிக்கு அப்பால் நின்று, யாரையும் நெருங்கவிடாமல், மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்காதீர்கள். அந்த மின்சாரம் ட்ரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பிப் போய், 11,000 வோல்ட்டாக மாறி, ‘லைன் ஆஃப்’ என்று நம்பிக் கம்பத்தில் இருப்பவரைத் தாக்கும். விதை, உரம் பற்றிப் பேசும் கூட்டங்களில் வேளாண் அலுவலர்கள் இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போகிறவர்கள், தாழ்ந்த கம்பியைப் பற்றியும் சாய்ந்த கம்பத்தைப் பற்றியும் மனு கொடுக்கிறோம். அடுத்த மாத மனுவில் ஒரு வரி கூடுதலாக எழுதுவோம்: எங்கள் மாவட்ட ஐ.டி.ஐ.யில் மின்பாதைப் பணிக்கு ஒரு பயிற்சி மைதானம் வேண்டும். நம் லைனுக்காகக் கம்பம் ஏறுபவரும் யாரோ ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளைதான்.