கர்ப்பகால நீரிழிவு கண்ட தாய்மாருக்குப் பேற்றுக்குப் பிந்தைய உணவுக் கல்வி: நிலைப்பாட்டு அறிக்கை

கர்ப்ப காலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்படும் இரத்தச் சர்க்கரை உயர்வு, அதாவது கர்ப்பகால நீரிழிவு, பிள்ளை பிறந்ததும் தீர்ந்துபோகும் என்னும் எண்ணம் குடும்பங்களிடம் மட்டுமன்றி மருத்துவமனைகளின் நடைமுறையிலும் ஊறிக் கிடக்கிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துகின்றன. இன்சுலின் எதிர்ப்பு எனப்படும் இந்நிலையைப் பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிட, ஈடுகட்ட இயலாதவர்களிடமே சர்க்கரை உயர்கிறது. நஞ்சுக்கொடி வெளியேறியபின் சர்க்கரை அளவு பெரும்பாலோரிடம் இயல்புக்குத் திரும்புவது உண்மையே எனினும், கர்ப்பம் வெளிக்காட்டிய கணையத்தின் குறைவான கையிருப்பு அவர்கள் உடலில் அப்படியே இருக்கிறது. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட பகுப்பாய்வு, கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு என்று காட்டியது. எனவே இத்தாய்மாருக்கான உணவுக் கல்வியை, வீடு திரும்பும் நாளில் அவசரமாகச் சொல்லி அனுப்பும் அறிவுரையாகக் கருதாமல் சிகிச்சையின் தொடர்ச்சியாகவே கருத வேண்டும் என்பதும், குழந்தையின் தடுப்பூசி நாட்களோடு அதைப் பிணைத்து, தாயிடம் பேசுவதோடு நில்லாமல் அவருக்குச் சமைத்துப் போடுபவரிடமும் பேசுகிற கல்வியாக அமைக்க வேண்டும் என்பதும் இவ்வமைப்பின் நிலைப்பாடு.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இக்கோரிக்கைக்கு அடித்தளம் ஏற்கெனவே இடப்பட்டிருக்கிறது. கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று பாராமல் கர்ப்பிணிக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமைத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளும் எளிய முறையைச் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவும் அவர் குழுவினரும் முன்னெடுத்தனர். 2007இல் இப்பரிசோதனையை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உரியதாக்கிய வகையில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்னோடியானது. சேஷய்யா பிறந்த நாளான மார்ச் 10 இன்று நாடு முழுவதும் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கண்டறிவதில் காட்டப்பட்ட இந்த முனைப்பு பேற்றுக்குப் பின் தளர்ந்துவிடுகிறது. பிள்ளை பிறந்த 6ஆம் வாரத்தில் குளுக்கோஸ் பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதல் கூறுகிறது. 2 மணி நேர அளவு 140க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 140 முதல் 199 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 200 அல்லது அதற்கு மேல் நீரிழிவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை இதற்கு ஈடாகாது. பேற்றின்போது இரத்த இழப்பும் சிவப்பணுக்களின் மாற்றமும் அதன் அளவைத் திரித்துவிடும், நம் பெண்களிடம் பரவலாக உள்ள இரத்தசோகை குழப்பத்தை மேலும் கூட்டும்.

ஆறாம் வாரப் பரிசோதனை தவறுவதற்குத் தாயின் அலட்சியமே காரணம் என்று சொல்வது எளிது, ஆனால் நியாயமன்று. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வதும், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு திரும்புவதும் தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். அவர் சர்க்கரையைக் கண்டறிந்த ஆரம்ப சுகாதார நிலையம் ஓர் ஊரிலும், பிள்ளை பெற்ற மருத்துவமனை இன்னோர் ஊரிலும், ஆறாம் வாரத்தில் அவர் இருக்கும் வீடு மூன்றாவது ஊரிலும் அமைந்துவிடும்போது, அவருடைய சர்க்கரைக் கணக்கு யார் பதிவேட்டிலும் முழுமையாக இருப்பதில்லை. அதே ஆறாம் வாரத்தில் குழந்தைக்கு ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசியின் முதல் தவணை போடப்படுகிறது. 10, 14ஆம் வாரங்களில் அடுத்த தவணைகள் வருகின்றன. தன் உடம்புக்காக வராத தாயும் பிள்ளையின் ஊசிக்காகத் தவறாமல் வருவார் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர் எவரும் அறிவர். ஆகையால் புதன்கிழமைத் தடுப்பூசி நாளிலேயே தாயின் பரிசோதனையையும் நடத்த வேண்டும். எந்த ஊரில் ஊசி போட்டாலும் கர்ப்பகால நீரிழிவு என்ற குறிப்பு அங்குள்ள செவிலியரின் திரையில் தெரிய வேண்டும்.

கர்ப்பகாலப் பரிசோதனை போலன்றி இதற்கு வெறும் வயிற்றில் வந்து 2 மணி நேரம் காத்திருப்பது பாலூட்டும் தாய்க்குத் தொல்லைதான் என்றாலும், உணவுக் கல்விக்கு இதைவிடப் பொருத்தமான வேளை வேறில்லை. தாயும் அவருடன் வந்த அம்மாவோ மாமியாரோ ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் அந்த நேரத்தில் வீட்டுச் சமையல் பற்றிப் பேச முடியும். இரண்டாவது இரத்த மாதிரி எடுத்த கையோடு இரண்டு இட்லி, கெட்டிச் சாம்பார், ஒரு கிண்ணம் சுண்டல், அவித்த முட்டை என்று ஒரு காலை உணவை அங்கேயே பரிமாறினால், விளக்கப்படம் எதுவும் தேவைப்படாது.

பேறுகால உணவு என்பது நம்மிடம் தாய்வழியாக வரும் முறையான ஓர் அறிவுத்துறை. அதைப் புறந்தள்ளிவிட்டுத் தொடங்கும் கல்வி வாசலைத் தாண்டாது. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை ஆகியவை பாலூட்டும் தாய்க்கு நல்ல உணவுகளே, இவற்றில் கைவைக்க வேண்டிய அவசியமில்லை. மாறாக, கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்த பிரசவ லேகியத்தை நாள்தோறும் உருண்டை உருண்டையாகக் கொடுப்பதும், பால் ஊறும் என்று சத்துப் பான மாவுகளைச் சர்க்கரையிட்டுக் கலக்கித் தருவதும், பத்தியம் என்ற பெயரில் காய்கறிகளை விலக்கிச் சோற்றையும் ரஸ்க்கையும் மட்டும் நம்புவதும், தண்ணீரைக் குறைப்பதும் திருத்தப்பட வேண்டியவை. கருப்பட்டி வெள்ளைச் சர்க்கரையைவிடக் கேடற்றது என்னும் நம்பிக்கை குறிப்பாகப் பேசப்பட வேண்டும், ஏனெனில் இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. லேகியத்தை அடியோடு தடுப்பதைவிட, சுண்டைக்காய் அளவில் நிறுத்தச் சொல்வதே குடும்பத்தில் எடுபடும்.

உடல் எடையைக் குறைக்கும் கட்டுப்பாட்டு உணவை இக்காலத்தில் பரிந்துரைப்பதை இவ்வமைப்பு ஏற்கவில்லை. முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கிலோகலோரி கூடுதலாகத் தேவை என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்த அளவு. பாலூட்டுவதே ஒரு பாதுகாப்பும்கூட: கலிஃபோர்னியாவில் கர்ப்பகால நீரிழிவு கண்ட சுமார் 1000 பெண்களை இரண்டாண்டு பின்தொடர்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், அதிகமாகவும் நீண்ட காலமும் பாலூட்டியவர்களிடம் நீரிழிவு குறைவாகவே வந்தது. ஆகவே தாயிடம் குறைவாகச் சாப்பிடச் சொல்வதற்கில்லை. தட்டில் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதையே மாற்றச் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த இண்டியாப் (INDIAB) ஆய்வின்படி இந்தியர் உண்ணும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அரிசிக்குப் பதில் கோதுமை, கேழ்வரகு என்று தானியத்தை மட்டும் மாற்றி மொத்த மாவுச்சத்தை அப்படியே வைத்தால் பயன் தெரியவில்லை என்றும், அதில் ஒரு பகுதிக்குப் பருப்பு, பால் போன்ற புரத உணவு வந்தால் நீரிழிவு வாய்ப்பு குறைவாகக் காணப்படுகிறது என்றும் அதே ஆய்வு கூறுகிறது. சிறுதானியம் என்றாலே மருந்து என்று விளம்பரம் செய்யப்படும் இக்காலத்தில், ஒரு பெரிய கிண்ணம் கேழ்வரகுக் களியும் மாவுச்சத்துதான் என்பதைச் சொல்லும் துணிவு உணவியலாளருக்கு வேண்டும்.

கல்வியால் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறுவதற்குச் சான்று இடங்கொடுக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்வது கடமை. அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், கர்ப்பகால நீரிழிவு வரலாறு கொண்ட பெண்களிடம் தீவிர வாழ்க்கைமுறைப் பயிற்சி நோய் வருவதைச் சுமார் பாதியாகக் குறைத்தது. ஆனால் அப்பெண்கள் அந்தக் கர்ப்பத்திலிருந்து சராசரியாக 12 ஆண்டுகள் கடந்தவர்கள். இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளில் கைக்குழந்தைகளின் தாய்மார் 1600 பேரளவில் பங்கேற்க, குழு வகுப்புகளும் கைப்பேசிச் செய்திகளும் கொண்டு நடந்து 2022இல் முடிவு வெளிவந்த லிவிங் ஆய்விலோ, பயிற்சி பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நிலை மோசமடைந்தது. இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கல்வி வீண் என்று இதற்குப் பொருள் கொள்வதை இவ்வமைப்பு மறுக்கிறது. இரவெல்லாம் பிள்ளைக்கு விழித்திருந்து, எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் ஒருவரிடம் சில வகுப்புகளும் குறுஞ்செய்திகளும் எதை மாற்றிவிட முடியும் என்பதையே அம்முடிவு கேட்கிறது என்பது இவ்வமைப்பின் புரிதல். பிள்ளை வளர்ந்து, தாய்க்குச் சற்று மூச்சுவிட நேரம் கிடைக்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளிலும் கல்வி தொடர வேண்டும் என்று இவ்வமைப்பு வலியுறுத்துவது இதனால்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் 2021 முதல் நீரிழிவு மாத்திரையோடு வீடு வீடாகச் செல்கின்றனர். மாத்திரை தேவைப்படாத, ஆனால் தேவைப்படும் வழியில் இருக்கும் இந்த இளம் தாய்மாரையும் அவர்களுடைய பட்டியலில் சேர்ப்பது பெருஞ்செலவாகாது.

சொல்லும் உணவுக்கும் கிடைக்கும் உணவுக்கும் இடையே முரண் இருக்கலாகாது. நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்க, துவரம் பருப்பு மாதம் 1 கிலோ மட்டுமே சலுகை விலையில் கிடைக்கும் ஒரு வீட்டில், சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள் என்பது பணமுள்ளவர்களுக்கான அறிவுரையாகவே ஒலிக்கும். அங்கன்வாடி தரும் இணை உணவு மாவில் வெல்லம் சேர்கிறது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் இருக்கிறது. பிற தாய்மாருக்கு நலம் தரும் இவை, ஒரு பக்கம் இனிப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு மறுபக்கம் அரசே இனிப்பை வழங்கும் நிலையைக் கர்ப்பகால நீரிழிவு கண்டவர்களிடம் உண்டாக்குகின்றன. இவர்களுக்கு மட்டும் வெல்லமில்லாத மாவும், பேரீச்சைக்கு ஈடாக வறுகடலையோ நிலக்கடலையோ கொண்ட மாற்றுப் பெட்டகமும், பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்வரை மாதம் கூடுதலாக 1 கிலோ பருப்பும் வழங்க இவ்வமைப்பு அரசைக் கோருகிறது.

ஆறாம் வாரப் பரிசோதனை இயல்பாக இருந்தாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்க்கரையைப் பார்க்க வேண்டும் என்பதும், அடுத்த கர்ப்பம் உறுதியான உடனே, முதல் வருகையிலேயே பரிசோதிக்க வேண்டும் என்பதும், தாயின் கையில் எப்போதும் இருக்கும் ஒரே ஆவணமான குழந்தையின் தடுப்பூசி அட்டையின் முதற்பக்கத்தில் அச்சிடப்பட வேண்டும்.