காற்புள்ளியின் மேல் போட்ட பழி

சொற்களுக்கிடையிலான உறவை வேற்றுமை உருபாலும் இடைச்சொல்லாலும் காட்டுவது தமிழ்; அதையே பெரும்பாலும் சொற்கள் நிற்கும் வரிசையாலும் நிறுத்தற்குறியாலும் காட்டுவது ஆங்கிலம் என்பதால், அம்மொழியில் எழுதப்படும் சட்டத்திலோ ஒப்பந்தத்திலோ அலுவலகக் கடிதத்திலோ அடுக்கு சற்றே பிசகினாலும் பொருள் இரண்டாகிவிடுகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் மீது அதன் வண்டி ஓட்டுநர்கள் தொடுத்த மிகைநேர ஊதிய வழக்கு இதற்குத் தக்க சான்றாகும்.

வாரத்திற்கு 40 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவருக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தரச் சொல்லும் அம்மாநிலச் சட்டம், விரைவில் கெடும் உணவுப்பொருள் சார்ந்த சில பணிகளுக்கு விலக்களித்திருந்தது. 'கேனிங், பிராசஸிங்' எனத் தொடங்கும் விலக்குப் பட்டியலின் கடைசி உறுப்பு 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என, 'ஆர்' என்னும் சொல்லுக்கு முன் காற்புள்ளி இல்லாமல் இருந்தது. விநியோகமும் தனியொரு விலக்கு என்றது நிறுவனம். அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொட்டலம் கட்டுவது மட்டுமே விலக்கு என்றும், தாங்கள் பொட்டலம் கட்டுபவர்கள் அல்லர் என்றும் வாதிட்டனர் ஓட்டுநர்கள். சொற்றொடர் இருபொருள் தருவதால் தொழிலாளர் பக்கமே பொருள்கொள்ள வேண்டும் என 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூற, மறு ஆண்டில் 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது.

ஒரு காற்புள்ளியின் விலை என்றே இதைச் செய்தித்தாள்கள் எழுதின. அது பாதி உண்மைதான். பட்டியலில் ஏனைய பணிகளெல்லாம் 'இங்' விகுதி பெற்ற தொழிற்பெயர்களாக, அதாவது வினையிலிருந்து பிறந்து செயலைக் குறிக்கும் பெயர்களாக இருக்க, 'டிஸ்ட்ரிபியூஷன்' மட்டும் அவ்விகுதியின்றி 'ஷிப்மென்ட்' என்பதோடு இணைசேர்ந்து நின்றது; ஓட்டுநர்களின் வலுவான வாதங்களுள் இதுவும் ஒன்று. பின்னர் சட்டமன்றம் அரைப்புள்ளிகளை இட்டதோடு நில்லாமல் அச்சொல்லையும் 'டிஸ்ட்ரிபியூட்டிங்' என மாற்றியது. இணையான உறுப்புகள் இணையான வடிவம் பெறாதவரை குறிகளை மட்டும் சரிபார்ப்பது விரிசல் விட்ட சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதைப் போன்றது.

'அனுப்புவதற்காகவோ விநியோகிப்பதற்காகவோ' எனத் தமிழில் எழுதினால், உருபும் ஓகாரமும் ஒவ்வோர் உறுப்பிலும் ஒட்டிக்கொள்வதால் இந்த வழக்கே எழுந்திராது. அதற்காகத் தமிழர் பெருமிதம் கொள்ள வேண்டியதில்லை: 'திருத்திய அறிக்கையையும் விலைப்பட்டியலையும் அனுப்புக' என்னும் தொடரில் திருத்தப்பட்டது ஒன்றா இரண்டா என்பது இங்கும் விளங்குவதில்லை. 'சென்ட் தி இன்வாய்ஸ் அண்டு தி ரிப்போர்ட் வித் கரெக்‌ஷன்ஸ்' என நாள்தோறும் அனுப்பப்படும் மின்னஞ்சலிலும் அதே சிக்கல்தான். அடைமொழியை அது தழுவும் பெயரின் முன்னே நகர்த்தி, 'தி இன்வாய்ஸ் அண்டு தி கரெக்டட் ரிப்போர்ட்' என எழுதிவிட்டால், காற்புள்ளி ஏதும் தேவைப்படாமலே அறிக்கை மட்டும் திருத்தப்பட்டது என்பது தெளிவாகிவிடும்.