தட்டு இருக்கிறது, படம் ஓடவில்லையா?

தீபாவளிக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைக்கும். திறந்தால் உள்ளே வீசிடி தட்டுகள். 'அக்கா கல்யாணம் 1', 'அக்கா கல்யாணம் 2', 'தோட்டத்துத் திருவிழா 2001' என்று மார்க்கர் பேனாவில் எழுதியிருக்கும். ஆசையாகக் கணினியில் போட்டால் படம் ஓடாது. "இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை" என்று ஒரு பெட்டி மட்டும் எட்டிப்பார்க்கும். தட்டு கெட்டுப்போச்சு என்று பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

அன்பு வாசகர்களே, தயவுசெய்து போடாதீர்கள். இப்படி 'கெட்டுப்போன' தட்டுகளில் பல உண்மையில் கெட்டுப்போகவே இல்லை.

நம் கோல சிலாங்கூர் வட்டாரத்துக்கு இது சாதாரண விஷயமில்லை. பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு நாட்டின் முதல் வணிக முறைச் செம்பனைத் தோட்டம் உருவானது. அதைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறார். அந்த மண்ணில் வேலை செய்த நம் தாத்தா பாட்டிகள் எங்கே இருக்கிறார்கள்? இந்தப் பிஸ்கட் டின்னுக்குள்தான். உலு சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். லயத்து வீடுகளும் பெரட்டுக் களமும் ஆயாக் கொட்டகையும் மறைந்துவிட்ட இடங்களில், அவை அசைந்து பேசும் ஒரே சாட்சி ஒரு திருவிழா வீசிடியாக இருக்கலாம்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம்.

தூக்குச்சட்டியும் சாப்பாடும்

ஒரு காணொளிக் கோப்பு என்பது தூக்குச்சட்டி மாதிரி. ஏவிஐ, எம்பி4, எம்கேவி, எம்ஓவி என்று பெயரின் கடைசியில் வருவதெல்லாம் சட்டியின் பெயர். உள்ளே இருக்கும் சாப்பாடுதான் 'கோடெக்'. அதாவது படத்தையும் ஒலியையும் சுருக்கி அடைத்த முறை. ஒரே மாதிரிச் சட்டிக்குள் வெவ்வேறு சாப்பாடு இருக்கலாம். அதனால்தான் ஒரு எம்பி4 ஓடுகிறது, இன்னொரு எம்பி4 ஓடுவதில்லை. ஒலி வந்து படம் வராவிட்டாலும், படம் வந்து ஒலி வராவிட்டாலும், பெரும்பாலும் ஏதோ ஒரு கோடெக் உங்கள் கணினிக்குப் புரியவில்லை என்று பொருள்.

முதல் மருந்து விஎல்சி. 1996இல் பாரிஸ் அருகில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்த இலவச மென்பொருள் இது. ஆரஞ்சு நிறச் சாலைக் கூம்புதான் இதன் சின்னம். தேவையான கோடெக்குகளைத் தன்னோடு கொண்டு வருவதால் கணினியில் இல்லாததைப் பற்றி இது கவலைப்படுவதில்லை. வீடியோலேன் அமைப்பின் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். "படம் பார்க்க இந்தக் கோடெக்கை இறக்கவும்" என்று திடீரென முளைக்கும் விளம்பரத்தைத் தொடவே வேண்டாம். நச்சுநிரல் நுழையும் பழைய வாசல் அது.

வீசிடி, டிவிடி

வீசிடியைத் திறந்தால் 'எம்பெக்ஏவி' என்ற கோப்புறை தெரியும். அதற்குள் 'டேட்' என்று முடியும் பெரிய கோப்புதான் உங்கள் கல்யாணப் படம். கணினிக்கு அது படம் என்று தெரியாமல் விழிக்கும். விஎல்சியில் திறந்தால் பெரும்பாலும் ஓடிவிடும். ஒரு தட்டில் 74 நிமிடம்தான் அடங்கும் என்பதால் தாலி கட்டும் காட்சி ஒரு தட்டிலும் விருந்து மறு தட்டிலும் இருக்கும். எல்லாத் தட்டையும் தேடி எடுங்கள்.

நகல் எடுக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறதா? சாதாரணத் தரவுத் தட்டில் பிழை திருத்தும் ஏற்பாடு கூடுதலாக உண்டு. வீசிடியில் படம் இருக்கும் பகுதியில் அதைக் குறைத்துவிட்டு, அந்த இடத்திலும் படத்தையே நிரப்பியிருப்பார்கள். அதனால் சின்னக் கீறலுக்கே கணினி கைவிரித்துவிடும். மென்மையான துணியை லேசாக ஈரமாக்கி, நடுவிலிருந்து வெளியோரம் நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். பிறகு வேறொரு கணினியின் தட்டு இயக்கியில் போட்டுப் பாருங்கள். ஒன்று படிக்காததை இன்னொன்று படிப்பது உண்டு. புதிய மடிக்கணினிகளில் தட்டு போடும் இடமே இல்லை என்பதால், யூஎஸ்பியில் பொருத்தும் இயக்கி ஒன்றைக் குடும்பத்தில் யாராவது ஒருவர் வாங்கி வைத்தால் போதும். சுற்றி வரட்டும்.

டிவிடியில் 'வீடியோ டிஎஸ்' என்ற கோப்புறையில் 'விஓபி' கோப்புகள் இருக்கும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் டிவிடி ஓட்டும் வசதி கூடவே வருவதில்லை. குற்றம் தட்டின் மேல் இல்லை. இதற்கும் விஎல்சி போதும்.

கைப்பேசியில் எடுத்தவை

ஐஃபோனில் தம்பி எடுத்த காணொளியில் குரல் மட்டும் கேட்கிறது, திரை கறுப்பாக இருக்கிறது என்றால், அது பெரும்பாலும் ஹெச்ஈவிசி என்ற கோடெக். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐஃபோன்கள் இதைப் பயன்படுத்துகின்றன. கோப்பின் அளவு குறையும், ஆனால் எல்லாக் கணினிக்கும் புரியாது. விஎல்சியில் பாருங்கள். இனி எடுப்பவை எங்கும் ஓட வேண்டுமானால், செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பதிவு செய்துகொண்டிருக்கும்போதே பேட்டரி தீர்ந்துபோன எம்பி4 வேறு வகை நோயாளி. எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கைப்பேசி வழக்கமாகக் கடைசியில்தான் எழுதும். அதற்குள் அணைந்துவிட்டால் படம் உள்ளே இருந்தும் வழி தெரியாது. இதற்கு 'அன்ட்ரங்க்' என்ற இலவசக் கருவி உண்டு. அதே கைப்பேசியில், அதே அமைப்பில் எடுத்த நல்ல காணொளி ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து அட்டவணையை மீண்டும் கட்டித் தர முயலும். பல நேரம் பலிக்கும். ஆனால் கோப்பின் அளவே 0 என்று காட்டினால் உள்ளே ஒன்றும் இல்லை. மூலக் கைப்பேசியிலோ மெமரி கார்டிலோ தேடுங்கள். அந்தக் கார்டில் புதிதாக எதையும் பதிவு செய்யாமல் வைத்திருப்பது முக்கியம்.

ஓடியாச்சு, அடுத்து?

தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஓட வேண்டுமானால் எம்பி4 சட்டியில் ஹெச்.264 கோடெக்காக மாற்றுங்கள். 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருள் இதை ஒழுங்காகச் செய்யும். இரண்டு எச்சரிக்கை. மாற்றுவதால் பழைய படம் தெளிவாகிவிடாது. வீசிடியின் படம் 352க்கு 288 புள்ளிகள்தான். ஒவ்வொரு மாற்றத்திலும் தரம் கொஞ்சம் குறையும் என்பதால் மூலக் கோப்பை அழிக்காமல் தனியே வையுங்கள்.

ஒன்றை வீட்டுக் கணினியில், ஒன்றை வெளி வன்தட்டில், இன்னொன்றை அண்ணன் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ என்று மூன்று பிரதி இருக்கட்டும். புலனத்தில் அனுப்பினால் படம் மேலும் சுருங்கும். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் 'ஆவணம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

கடைசியாக, வானொலிக்காரர் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். படம் ஓடத் தொடங்கியதும் வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். காவடி தூக்குபவர் யார், ஓரமாக நிற்கும் மண்டோர் யார், பின்னால் தெரிவது எந்த லயம் என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, தோட்டத்தின் பெயர், ஆண்டு போட்டு அந்தக் காணொளியோடு வையுங்கள். கோப்பைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம். அந்த முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துவிடுங்கள்.