பழைய பாலத்துக்கு என்ன வழி?

பாம்பன் கடலைத் தாண்டிப் பஸ்ஸில் வந்து போகும் தோழியர் நம்மில் பலர். பாலத்தின் நடுவே வந்ததும் பயணிகளின் தலையெல்லாம் ரயில் பாலத்தின் பக்கம் திரும்பிவிடும். 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தைத்தான் எல்லோரும் விரல் நீட்டிக் காட்டுகிறார்கள். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுப்பகுதி மின்விசையால் அப்படியே நேராக மேலே எழும்புகிறது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் நான் எழுத வந்தது அதன் அருகே 1914இல் எழுந்த பழைய பாலத்தைப் பற்றி.

2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவது நின்றது. நூற்றெட்டு ஆண்டுகள்! உப்புக் காற்றில் நம் வீட்டுச் சைக்கிள் எத்தனை மாதம் தாங்கும் என்பது கடற்கரைப் பெண்களாகிய நமக்குத் தெரியும். இரண்டு கிலோமீட்டர் நீள இரும்புப் பாலம் இத்தனை காலம் நின்றதென்றால், ஓயாமல் யாரோ துரு சுரண்டினார்கள், வண்ணம் பூசினார்கள், தேய்ந்ததை மாற்றினார்கள் என்றுதானே பொருள்? ஷெர்சர் முறையில் அமைந்த அதன் தூக்குப் பகுதியைத் தொழிலாளர்கள் கையாலேயே சுற்றித் திறந்து மூடினார்கள். அவர்களுக்கு ரிப்பன் வெட்டும் விழா எதுவும் நடக்கவில்லை.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த இரவில் பாலத்தின் உத்திரங்களும் கடலில் விழுந்தன. பழுதுபார்க்க ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் 46 நாட்களில் முடித்தார். விழுந்த உத்திரங்களையே கடலிலிருந்து எடுத்து மீண்டும் பொருத்தினார்கள். பின்னாளில் டெல்லி மெட்ரோவால் புகழ்பெற்ற அவரை, இந்தப் பழுதுபார்த்த வேலைக்காகவே நம் பக்கத்தில் இன்றும் நினைக்கிறார்கள். 2007இல் அகல ரயில் பாதைக்காக அந்தப் பாலம் மறுபடியும் வலுப்படுத்தப்பட்டது.

ஆகவே அதைப் பழைய இரும்பாக எடை போட்டு விற்றுவிடுவது எனக்குச் சம்மதமில்லை. அதற்காக, ரயில் ஓடாத பாலத்தைக் கவனிக்காமல் கடலிலேயே துருப்பிடிக்க விடுவதும் சரியல்ல. குருசடைத் தீவு பாம்பனுக்கு அருகில்தான் இருக்கிறது. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளப் பாறையை வெட்டி வெட்டி எடுத்த பழியும் சேர்ந்து, அவற்றில் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. அந்தக் கடலில் இனித் துருவும் பழைய வண்ணச் செதிலும் கொட்ட வேண்டுமா? சுரண்டும் இடத்தில் கீழே விரிப்புக் கட்டச் செலவு அதிகமாகாது. தூக்குப் பகுதியை மட்டும், அந்தக் கைச்சக்கரங்களோடு, பாம்பன் கரையில் கொண்டுவந்து நிறுத்தலாம். நம் தம்பி தங்கையர் தொட்டுப் பார்ப்பார்கள்.

பஸ் போகும் பாலத்துக்கும் வயது ஏறுகிறது. 1988 அக்டோபர் 2ஆம் நாள் திறக்கப்பட்டது அது. அதில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்கள் நூறு பேர். அடியில் தூண்களை யார் எப்போது பார்த்தார்கள் என்று கேட்பவர் எவரும் இல்லை. 2017இல் அரிச்சல்முனை வரை போட்ட சாலையையும் அப்படியே விட்டுவிட முடியுமா? இரு பக்கமும் கடல். காற்றடித்தால் மணல் ஏறும். போட்டதோடு வேலை முடிந்தது என்று அங்கே எவரும் சொல்ல முடியாது. எந்தப் பாலத்தை எந்த மாதம் சோதித்தார்கள், என்ன பழுது கண்டார்கள் என்பதை ஒரு பலகையில் எழுதிப் பாலத்தின் முகப்பில் வைக்கலாமே! திறந்து வைத்தவர் பெயருக்குக் கல்வெட்டு இருக்கும்போது இதற்கு இடம் இல்லாமலா போகும்?

பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி 'தடக்' என்று குலுங்கும்போதெல்லாம் என் அம்மா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "இதை யாராச்சும் பாக்குறாங்களா, இல்லையா?" என்பார். அந்தப் பலகை வந்தால் நானே அதை அவருக்குப் படித்துச் சொல்வேன்.