நடுவர் மேல் கை வைத்தால்



2022 மே 17 அன்று டெல்லியில் காமன்வெல்த் போட்டிக்கான மல்யுத்தத் தேர்வு நடந்தது. 125 கிலோ இறுதியில் கடைசி நொடிகளில் தோற்ற சதேந்தர் மாலிக், பக்கத்தில் இன்னோர் ஆட்டம் நடக்கும்போதே போய் மூத்த நடுவர் ஜக்பீர் சிங்கைக் கன்னத்தில் அறைந்தார். வீடியோவைப் பார்த்து எதிராளிக்கு 3 புள்ளி கொடுத்தது தவிர அந்த நடுவர் எதுவும் செய்யவில்லை. மல்யுத்தச் சம்மேளனம் மாலிக்குக்கு ஆயுள் தடை விதித்தது.

எங்கள் ஒரகடம் பக்கம் ஞாயிறானால் காலி மனைகளில் டென்னிஸ் பால் கிரிக்கெட். நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி யூனிபாரத்தோடு அம்பயராக நிற்கும் பையன்கள் உண்டு. வீடியோ கிடையாது, கண் மட்டும்தான். போன மாதம் ரன் அவுட் கொடுத்த ஒருவனைச் சட்டையைப் பிடித்து அடித்தார்கள். நான் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் உதட்டு ரத்தம் நோட்டில் சொட்டியது. 'விடுங்கப்பா, நம்ம பசங்கதானே' என்று முடித்துவிட்டார்கள். அடித்தவன் அடுத்த வாரமும் ஆடினான். அம்பயர் வரவேயில்லை.

நுழைவுக் கட்டணம் வாங்கும்போதே, நடுவரை அடித்தால் அந்த அணியே வெளியே என்று கேப்டனிடம் எழுதி வாங்க வேண்டும். பரிசுக்குப் பணம் தருகிறவர்களும் இதைக் கேட்டுப் பெறட்டும்.

ஒரு வாசகர், ஒரகடம்