நகலெடுக்கும் கையை இகழாதீர்

பிறர் ஓவியங்களைப் பார்த்து வரைந்தால் சொந்தக் குரல் செத்துவிடும் என்று இளம் ஓவியர்களுக்குச் சென்ற இதழில் ஒருவர் அறிவுரை சொல்லியிருக்கிறார். நகலெடுப்பது குரல் வராத காலத்துப் பலவீனம் என்பதற்கு வான்கோவையே சாட்சிக்கு இழுத்திருக்கிறார். முப்பது ஆண்டுகளாகத் தூரிகை பிடிப்பவன் நான். இந்த அறிவுரை கேடு, சாட்சியம் பொய்.

ஆண்டுக் கணக்கையாவது அவர் பார்த்திருக்க வேண்டும். வான்கோ 'விண்மீன் இரவு' ஓவியத்தை வரைந்தது 1889 ஜூனில், சான் ரெமி மனநல விடுதியில். பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ஓவியங்களை வரிசையாகப் பார்த்து வண்ணத்தில் வரையத் தொடங்கியது அதற்குப் பிறகு, அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில். வரைந்தவை சுமார் 20. உலகமே இன்று அடையாளம் காணும் குரல் கைகூடிய பின்பும் அவர் இன்னொருவர் முன் மாணவனாக உட்கார்ந்தார். கட்டுரையாளரின் வாதம் இங்கேயே முறிந்துபோகிறது.

இன்னும் கேளுங்கள். வான்கோவின் கையில் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகள். உருவமும் அமைப்பும் மில்லேயுடையவை. அந்த நீலமும் மஞ்சளும் யாருடையவை? 1887இல் பாரிஸில் ஹிரோஷிகேயின் மழைப் பாலத்தை வரைந்தபோதும் இதுதான் நடந்தது. ஜப்பானிய மர அச்சில் தட்டையாகப் படிந்திருந்த நிறம், இவர் கித்தானில் தடித்த எண்ணெய் வண்ணத் தீற்றல்களாக எழுந்தது. அடுத்தவர் கோட்டின் மேல் கை போகும்போது எங்கே விலகுகிறதோ, அந்த விலகல்தான் குரல். கோடே இல்லாதவனுக்கு எதிலிருந்து விலகல் வரும்?

நம் ஊருக்கே வருவோம். கே.சி.எஸ். பணிக்கரின் 1950களின் ஓவியங்களில் வான்கோவும் கோகனும் தெரிகிறார்கள். அவற்றையெல்லாம் கடந்து, ஜாதகக் கட்டங்களும் எழுத்துகளும் நிறைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை அவர் தொடங்கியது 1963இல், 52 வயதில். அவர் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போய்ச் சேரவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் சேர்ந்தார்.

பார்க்காதே என்பவர் காப்பது அறியாமையை, தனித்தன்மையை அல்ல. எவரையும் பார்க்காதவன், நாள்காட்டியிலும் விளம்பரத் தட்டியிலும் கண்டதைத் தன்னையறியாமல் வரைவான். அதைத் தன் குரல் என்றும் நம்புவான்.

இளம் ஓவியர்களே, எழும்பூர் அருங்காட்சியகத்தின் சோழர் செப்புத் திருமேனிகள் முன் உட்காருங்கள். கை வலிக்கும்வரை வரையுங்கள். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் கூசாமல் பெயர் சொல்லுங்கள்.