14 காரட் சட்டம், 22 காரட் மனசு

தாலிக்கு எவ்வளவு செம்பு சேர்ப்பது என்பது 1963 ஜனவரி வரை ஆசாரியின் விவகாரம். அந்த மாதம் அது மத்திய அரசின் விவகாரமாயிற்று. தங்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, புதிதாகச் செய்யும் நகை எதுவும் 14 காரட்டைத் தாண்டக் கூடாது.

சீனப் போர் ஓய்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. மேற்குக் கரையிலோ கடத்தல் தங்கம் இறங்கியபடி இருந்தது. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாயின் கணக்கு எளிமையானது: மாற்றுக் குறைந்தால் மோகமும் குறையும்.

குறையவில்லை. போர் நிதிக்காகக் கையிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்த அதே பெண்கள்தான் 14 காரட் நகையைத் தொட மறுத்தார்கள். இதில் முரண் ஒன்றுமில்லை. கொடுப்பது வேறு, மட்டமானதை வாங்குவது வேறு. நிலத்திலும் வீட்டிலும் பங்கு கிடைக்காத பெண்ணுக்குத் தனது என்று சொல்லிக்கொள்ள இருந்தது நகை மட்டுமே. 1947இல் லாகூரிலிருந்தும் ராவல்பிண்டியிலிருந்தும் ஓடி வந்த குடும்பங்கள் வயலைத் தூக்கி வர முடியவில்லை. துணிக்குள் வைத்துத் தைத்த வளையல்கள்தான் டெல்லியில் அரிசி பருப்பாக மாறின. இதைக் கண்ட தலைமுறையிடம் போய் மோகம் என்று பேசியது மேலிடத்தின் அறியாமை.

அடி விழுந்தது பட்டறையில். ஆர்டர்கள் நின்றன, லட்சக்கணக்கான பொற்கொல்லர்கள் பிழைப்பு இழந்தார்கள். தற்கொலைகள் நாடாளுமன்றம்வரை எதிரொலித்தன. காமராஜ் திட்டத்தின்கீழ் தேசாய் 1963 ஆகஸ்டில் பதவி விலகினார். 14 காரட் வரம்பு 1966இல் போயிற்று.

ஆனால் 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னொரு வேடிக்கை செய்தது. தனிநபர் தங்கக் கட்டியோ பிஸ்கட்டோ வைத்திருப்பது குற்றம், நகையாக வைத்திருக்கலாம். சேமிக்க நினைத்தவர்களுக்கு அரசே வழி காட்டியது போலாயிற்று. மகளின் கல்யாணத்துக்கு இன்று பவுன் கணக்குப் பேசும் வீடுகளில் 22 ஆண்டுகள் நீடித்த இந்தச் சட்டத்தின் நிழலும் உண்டு. 1990இல் அது ரத்தானது.

அடுத்த ஆண்டே அரசுக்கு அதே தங்கம் தேவைப்பட்டது. கஜானா காலியான 1991இல் ரிசர்வ் வங்கியின் சுமார் 47 டன் தங்கம் அடமானமாக விமானமேறி லண்டன் போனது. தேசமே கூனிக் குறுகியது. பொருளாதாரம் தெரிந்ததால் அல்ல. அடகுக் கடை வாசலில் நின்ற அனுபவம் நிறையப் பேருக்கு இருந்ததால்.

மொரார்ஜியால் முடியாததை இப்போது விலை ஓரளவு செய்துகொண்டிருக்கிறது. 18 காரட்டும் 14 காரட்டும் ஹால்மார்க் முத்திரையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கௌரவமாக உட்கார்ந்திருக்கின்றன. இளம் பெண்கள் ஆபீசுக்குப் போட்டுக்கொள்ள வாங்குகிறார்கள். கூட வந்த அம்மா மட்டும் விற்பனையாளரிடம் தனியாகக் கேட்கிறார்: "கல்யாணத்துக்கு நைன் ஒன் சிக்ஸ்தானே காட்டுவீங்க?"